மயக்கமும் விழிப்பும்: ஜமைக்காவின் நயாபிங்கி முழவோசை

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவில் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் ராஸ்தஃபாரி சமயத்தார் ஒன்றுகூடுகின்றனர். 1930இல் அந்நாளில்தான் எத்தியோப்பியாவின் ராஸ் தஃபாரி, ஹைலே செலாஸி என்னும் பெயருடன் பேரரசராக முடிசூடினார். வட்டவடிவமான கூரைப்பந்தல் ஒன்று. அதன் பக்கங்கள் திறந்தே இருக்கும். வெளியே விறகுத்தீ அணையாது எரியும். உள்ளே முழவுகள் ஒலிக்க, ஆடவரும் பெண்டிரும் பாடியவாறு மெல்ல அடிபெயர்த்து அசைவர். அந்தியில் தொடங்கும் முழக்கம் விடியும்வரை ஓயாது. மூன்று இரவு நீடிக்கும் கூட்டங்களும் உண்டு. ஏழு இரவு நீடிப்பனவும் உண்டு. இக்கூட்டத்திற்கும், இதில் முழங்கும் இசைக்கும் நயாபிங்கி என்பதே பெயர்.

இவ்விசையைக் கேட்ட வெளியார் பெரும்பாலும் ஒரே சொல்லால்தான் அதனை வருணித்துள்ளனர்: வசியம். கேட்கக் கேட்க மனம் தன்வசம் இழக்கிறது, காலம் மறக்கிறது என்பர். ஆனால் அதனை முழக்குவோர் இச்சொல்லை ஏற்பதில்லை. தங்கள் முழவு உறங்குவோரை எழுப்புவது என்பதே அவர்கள் கூற்று. ஒரே ஒலி ஒரு சாராருக்கு மயக்கமாகவும் மறுசாராருக்கு விழிப்பாகவும் தோன்றுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண இசையிலக்கணம் மட்டும் போதாது. வரலாற்றையும் நாட வேண்டும்.

பெயர் வந்த வழி

நயாபிங்கி என்பது ஜமைக்காவில் பிறந்த சொல்லன்று. இன்றைய உகாண்டாவின் தென்மேற்கிலும் ருவாண்டாவின் வடக்கிலும் வாழ்ந்த மக்கள் வழிபட்ட ஓர் ஆவியின் பெயர் அது. மிகுதியை உடையவள் என்று அதற்குப் பொருள் கூறுவர். அவ்வாவி பெண்கள்மீது இறங்கி அவர்கள் வாயிலாகப் பேசும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அத்தகைய பெண்களுள் ஒருவரான முஹுமுஸா, ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சிக்கு எதிராகப் படைதிரட்டினார். 1911இல் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்துக் கம்பாலாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கேயே 1945இல் அவர் இறந்தார்.

இப்பெயர் ஜமைக்காவை அடைந்தது மக்களின் வாய்மொழி வழியாகவன்று, செய்தித்தாள் வழியாகவே. 1935 அக்டோபரில் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜமைக்கா டைம்ஸ் ஏட்டில் கட்டுரையொன்று வெளியாயிற்று. ஆப்பிரிக்காவில் நயாபிங்கி என்னும் இரகசியச் சங்கம் இயங்குகிறது, வெள்ளையரை ஒழிப்பதே அதன் நோக்கம், அதன் தலைவர் ஹைலே செலாஸியே என்று அது கூறியது. வெள்ளையரை அச்சுறுத்தி எத்தியோப்பியாவின்பால் அவர்களுக்குள்ள பரிவைக் குலைக்கப் புனையப்பட்ட பரப்புரை அது என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் கிங்ஸ்டன் நகரின் சேரிகளில் அதனைப் படித்த ஏழைக் கறுப்பினத்தார் அஞ்சவில்லை, அகமகிழ்ந்தனர். பகைவன் எழுதிய பொய்யிலிருந்தே தம் வழிபாட்டிற்கு அவர்கள் பெயரெடுத்துக் கொண்டனர். ஒடுக்குவோர் எந்நிறத்தவராயினும் அவர்தம் அழிவை வேண்டுவதே நயாபிங்கி என்று பின்னர் அதற்குப் பொருள் விரித்தனர்.

எத்தியோப்பியா என்னும் பெயர் நம் வாசகர்க்கு அயலானதன்று. ஹபஷா எனத் தொடக்ககால முஸ்லிம்கள் அறிந்த நாடு அது. மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாது கி.பி. 615 அளவில் கடல் கடந்து சென்ற நபித்தோழர்க்கு அடைக்கலம் தந்தவர் அந்நாட்டு மன்னர் நஜாஷி. அந்த நஜாஷி என்னும் சொல்லும், ஹைலே செலாஸியின் பட்டங்களில் வரும் நெகுஸ் என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்த அரசப்பட்டங்களே. ஒடுக்கப்பட்டோர் ஹபஷாவின் அரியணையை நோக்கி நம்பிக்கையுடன் கண்களை உயர்த்தியது வரலாற்றில் 1930இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆயினும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. அன்று சென்றவர்கள் நஜாஷியை நீதிமானாகக் கண்டனர். ராஸ்தஃபாரியரோ தம் மன்னரை இறைவனாகவே கொண்டனர். ஏகத்துவத்தை ஏற்றவர் எவரும் இதனோடு உடன்படார். எனினும் ஒரு மக்களின் வரலாற்றைக் கற்பதற்கு அவர்தம் கொள்கையோடு உடன்படுதல் நிபந்தனையன்று.

முழவு வந்த வழி

பெயர் செய்தித்தாளில் வந்தது. முழவோ அடிமைக் கப்பல்களில் வந்தவர்களின் நினைவில் வந்தது. 1655இல் ஸ்பானியரிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், கரும்புத் தோட்டங்களுக்காக இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கரை அங்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். திம்புக்துவில் பிறந்து ஜென்னே நகரில் கல்வி பயின்ற அபூபக்கர் அஸ்ஸித்தீக் என்பார், ஜமைக்காவில் தம் எசமானரின் கணக்குகளை அரபு எழுத்தில் எழுதி வந்தார். 1834இல் மேடன் என்னும் நீதிபதி அவரது புலமையைக் கண்டு வியந்து விடுதலைக்கு வழிசெய்தார். அபூபக்கர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதியும் வைத்தார். முஹம்மது கபா என்னும் மற்றோர் அடிமை, தொழுகையைப் பற்றிய அரபு நூலொன்றை அத்தீவிலிருந்தே யாத்தார். எழுத்தறிந்த இவர்கள் தம் நினைவைத் தாளில் காத்தனர். எழுத்தில்லாத பெருந்திரளான மக்களுக்குத் தாளின் இடத்தைத் தோல் பெற்றது. முழவின்மீது போர்த்த ஆட்டுத்தோலில் அவர்கள் தம் நினைவைக் காத்தனர்.

தோட்ட முதலாளிகள் முழவுக்கு அஞ்சினர். அதன் ஒலி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குச் செய்தியாகச் சென்று கிளர்ச்சியை மூட்டும் என்று கருதினர். 1760இல் டாக்கி என்பாரின் தலைமையில் எழுந்த பெருங்கிளர்ச்சிக்குப் பின் இக்கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. ஆனால் ஒருவகை முழவை மட்டும் அவர்கள் விட்டுவைத்தனர். அதுவே புரு. வயலில் வேலை செய்வோரின் கைகள் தளராது ஒரே வேகத்தில் இயங்க அது துணைநின்றமையால் அதனை அனுமதித்தனர் என்று வெரீனா ரெக்கார்ட் முதலிய ஆய்வாளர் கூறுவர். ஆகவே, தடையிலிருந்து தப்பிய முழவு அடிமையின் உழைப்பை அளக்கும் கோலாகவே தப்பியது. இக்கட்டுரையின் மையமான செய்தி இதுவே என்பதால் வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1834 ஆகஸ்ட் 1இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. முழு விடுதலை 1838இல் கிட்டியது. வயலில் வேலையிழந்த புரு முழவர்கள் காலப்போக்கில் கிங்ஸ்டன், ஸ்பானிஷ் டவுன் ஆகிய நகரங்களின் சேரிகளில் குடியேறினர். கிறிஸ்துமஸ் காலத்தில் ஊரார் குற்றங்குறைகளை எள்ளிப் பாடுவதும், சிறையிலிருந்து மீண்டோரை முழவொலித்து வரவேற்பதும் அவர்தம் வழக்கமாயின. மதிப்புமிக்கோர் அவர்களைக் கீழோராகவே கருதினர்.

அதே சேரிகளில் 1930களில் ராஸ்தஃபாரி சமயம் வேர்விட்டது. அதனை முதலில் பரப்பியோருள் ஒருவரான லெனார்ட் ஹாவெல், அரசுக்கு எதிராகப் பேசியதாக 1934இல் சிறையிலிடப்பட்டார். 1940இல் அவர் நிறுவிய பின்னக்கிள் என்னும் குடியிருப்பைக் காவலர் மீண்டும் மீண்டும் தாக்கி 1954இல் சிதைத்தனர். அங்கிருந்தோர் கிங்ஸ்டன் சேரிகளில் தஞ்சம் புகுந்தனர். புரு முழவரிடம் இசை இருந்தது, தமக்கெனச் சமயக் கொள்கை இல்லை; ராஸ்தஃபாரியரிடம் கொள்கை இருந்தது, தமக்கென இசை இல்லை. கிறிஸ்தவக் கீர்த்தனைகளையே சொல் மாற்றிக் கைதட்டிப் பாடிவந்தனர். இவ்விரு சாராரும் ஒரே சந்துகளில் வாழ நேர்ந்ததன் விளைவே நயாபிங்கி இசை.

இவ்விணைப்பில் முதன்மைப் பங்கு ஆற்றியவர் கவுண்ட் ஆஸி என அழைக்கப்பட்ட ஆஸ்வால்ட் வில்லியம்ஸ். 1926இல் பிறந்த இவர், 1940களின் இறுதியில் புரு முழவர் ஒருவரிடம் முழவு பயின்று, கிங்ஸ்டனுக்குக் கிழக்கே வரைக்கா குன்றுகளின் அடிவாரத்தில் தம் முகாமை அமைத்தார். வேறொரு கருத்தும் உண்டு. அடிமைமுறை ஒழிந்தபின் நடு ஆப்பிரிக்காவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் குமினா என்னும் வழிபாட்டு முழவே ஹாவெலின் பின்னக்கிள் வழியாக இவ்விசைக்கு மூலமாயிற்று என்று கென்னத் பில்பி, எலியட் லீப் ஆகிய ஆய்வாளர்கள் 1980களில் எடுத்துரைத்தனர். இரு நீரோடைகளும் இதில் கலந்துள்ளன எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மூன்று முழவுகள்

நயாபிங்கி மேளத்தில் மூவகை முழவுகள் உண்டு. மிகப் பெரியது பேஸ். துணி சுற்றிய கோலால் அடிக்கப்படும் இது, முதல் அடியில் திறந்து முழங்கும். மூன்றாம் அடியில் அடங்கி ஒலிக்கும். அடுத்தது ஃபுண்டே. இது இரட்டைத் தட்டாக, இடையறாது, மாறாது ஒலிப்பது. இதயத் துடிப்பு என்றே அவர்கள் இதனைக் கூறுவர். மூன்றாவது ரிப்பீட்டர். கேட்டே என்றும் அழைக்கப்படும் இச்சிறு முழவு உயர்ந்த சுருதியில், மேற்கூறிய இரண்டின் மீதும் உரையாடுவது போலத் தாவியும் தயங்கியும் ஒலிக்கும். வல்லுநர் மட்டுமே இதனைக் கையாள்வர். இம்மூன்றின் மேலும் பாடல் மிதந்து செல்லும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடுவர். பாடற்பொருள் பெரும்பாலும் ஸபூர் வேதத்தின் வழிவந்த சங்கீதங்களிலிருந்தும் பழைய கீர்த்தனைகளிலிருந்தும் பெறப்பட்டது; பாபிலோனில் சிறைப்பட்டோரின் துயரம் அதில் தம் துயரமாகவே ஒலிக்கும்.

இவ்விசையின் வேகம் கருதத்தக்கது. நயாபிங்கி விரைவதில்லை. நிதானமாக நடப்பவனின் நாடித்துடிப்பை ஒத்து அது செல்கிறது. உழைப்பைத் துரிதப்படுத்தப் பயன்பட்ட முழவின் வழித்தோன்றல், எவருடைய அவசரத்திற்கும் இசையாத நடையை மேற்கொண்டுள்ளது. அடிமையின் காலம் அவனுடையதன்று; எழுவதும் உண்பதும் உறங்குவதும் பிறர் ஆணைப்படியே. அவனுடைய காலத்தை அளந்த அதே கருவியைக் கொண்டு அவன் பேரர்கள் ஓர் இரவு முழுவதையும் தமக்கென எடுத்துக்கொள்கின்றனர். வெளியார் காலம் மறந்தது என்று எதனைக் கூறுகின்றனரோ, அதனை உள்ளிருப்போர் காலம் மீண்டது என்று உணர்வதன் காரணம் இதுவேயாம்.

வசியம் பற்றிய கருத்துகள்

சீரான முழவோசை மூளையின் மின்னலைகளைத் தன்வழி இழுத்து மனிதனை மயக்கநிலைக்கு ஆளாக்கும் என்று ஆண்ட்ரூ நெஹர் என்னும் ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் வாதிட்டார். இக்கருத்து இன்றளவும் பலரால் வழிமொழியப்படுகிறது. பிரெஞ்சு இசையறிஞர் ஜில்பேர் ரூழே 1980இல் வெளியிட்ட இசையும் மயக்கநிலையும் பற்றிய பெருநூலில் இதனை மறுத்தார். ஓசை மட்டுமே மயக்கத்தை விளைவிக்குமாயின், ஒரே முழவைக் கேட்கும் எல்லாரும் மயங்க வேண்டும், அவ்வாறு நிகழ்வதில்லை. ஒரு சமூகம் ஓர் ஓசைக்கு என்ன பொருள் கற்பித்துள்ளதோ அப்பொருளே மனிதனை இயக்குகிறது என்பது அவர் முடிபு.

ரூழே தம் நூலில் அரபியரைப் பற்றி எழுதுமிடத்து, ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸமாஉ, வஜ்து ஆகியவை பற்றி வரைந்த பகுதியை விரிவாக எடுத்தாள்கிறார். ஸமாஉ உள்ளத்தில் இல்லாததைப் புதிதாக இட்டு நிரப்புவதில்லை, அங்கிருப்பதையே அசைத்து வெளிக்கொணர்கிறது என்பது இமாமவர்கள் தரும் விளக்கம். காலம், இடம், உடனிருக்கும் சகோதரர் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி ஸமாஉ தகாது என்னும் ஜுனைத் (ரஹ்) அவர்களின் கூற்றையும் அவர்கள் அங்குக் குறிப்பிடுகின்றனர். பாக்தாதின் ஸூஃபியர்க்கும் கிங்ஸ்டனின் சேரிவாசிகளுக்கும் தொடர்பு கற்பிப்பது நம் நோக்கமன்று. ஓசையின் ஆற்றலை ஓசைக்கு வெளியேயும் தேட வேண்டும் என்னும் நுட்பம் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மரபில் எண்ணப்பட்டது என்பதைச் சுட்டவே இது கூறப்பட்டது.

கஞ்சாப் புகையே இம்மயக்கத்திற்குக் காரணம் என்போரும் உளர். ராஸ்தஃபாரியர் அதனைச் சமயச் சடங்காகவே கொள்வது உண்மை. போதையை விலக்கிய மார்க்கத்தார்க்கு இது ஏற்புடையதன்று என்பதைக் கூறவும் வேண்டுமோ! கஞ்சா என்னும் பெயரோடு அவ்வழக்கம் ஜமைக்காவிற்குச் சென்றது, 1845 முதல் அங்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியக் கூலிகள் வாயிலாகவே. கல்கத்தா வழியாகவும் சென்னை வழியாகவும் சென்றவர்கள் அவர்கள். ஆனால் முழவின் ஈர்ப்பைப் புகையால் மட்டும் விளக்கிவிட இயலாது. புகையே அறியாதோரும் ஒலிப்பதிவில் இதனைக் கேட்டு ஈர்க்கப்படுகின்றனர்.

ஆவி இறங்காத முழவு

இனி, மையமான வரலாற்று உண்மைக்கு வருவோம். நயாபிங்கியைச் சூழ்ந்திருந்த மரபுகள் பலவும் ஆவேசத்தை நாடியவை. உகாண்டாவின் நயாபிங்கி பெண்கள்மீது இறங்கிப் பேசிய ஆவி. குமினாவில் முழவொலி முன்னோரின் ஆவியை அழைக்கிறது. ஆவி ஏறியவர் தன்னிலை மறந்து ஆடுகிறார். ஜமைக்காவின் ரிவைவல் என்னும் கிறிஸ்தவக் கிளையிலும் இதே நிலைதான். இத்தனைக்கும் நடுவே தோன்றிய ராஸ்தஃபாரி முழவு ஆவேசத்தை விலக்கியது.

1949இல் கிங்ஸ்டனின் டிரென்ச் டவுன் பகுதியில் யூத் பிளாக் ஃபெய்த் என்னும் இளைஞர் குழு தோன்றியது. மூத்தோர் கைக்கொண்டிருந்த ரிவைவல் சடங்குகளை அது மூடநம்பிக்கை என்று களைந்தெறிந்ததைப் பாரி செவான்ஸ் தம் ஆய்வில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். இறந்தோர் ஆவிகளுக்கு வழிபாட்டில் இடமில்லை என்பது அவர்தம் நிலைப்பாடு. எனவே நயாபிங்கிக் கூட்டத்தில் எவரும் ஆவியேறி வீழ்வதில்லை. முழவின் இடைவெளிகளில் அவர்கள் வேதவசனங்களை வாசிக்கின்றனர். உலக நடப்பை விவாதிக்கின்றனர். நியாயம் பேசுதல் எனப் பொருள்படும் ரீசனிங் என்பது அவர்கள் அவ்வுரையாடலுக்கு இட்ட பெயர். தன்னறிவை இழக்கச் செய்வதாகப் பேசப்பட்ட முழவைச் சுற்றியமர்ந்து, தன்னறிவைத் தீட்டும் உரையாடலை நடத்துகின்றனர் என்பதே உண்மை நிலை. அடிமைத்தனத்தில் உடல் பிறர்க்கு உடைமையாக இருந்தது. அதே உடலை மற்றொரு முறை, ஆவிக்குக்கூட, ஒப்படைக்க அவ்விளைஞர் மறுத்தனர் என்று இதனை நாம் பொருள்கொள்ளலாம்.

அரங்கேறிய முழவு

இம்மக்கள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டே வாழ்ந்தனர். 1963 ஏப்ரலில் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் நிகழ்ந்த மோதலைத் தொடர்ந்து, தீவின் மேற்குப் பகுதியில் ராஸ்தஃபாரியர் பலர் கைது செய்யப்பட்டனர், அடிக்கப்பட்டனர். அவர்தம் சடைமுடி வலிந்து மழிக்கப்பட்டது. இதற்காக ஜமைக்க அரசு 2017இல்தான் மன்னிப்புக் கோரியது. அத்தகைய சூழலில், 1960ஆம் ஆண்டளவில் கவுண்ட் ஆஸியின் முழவர்களை ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்துச் சென்றவர் பிரின்ஸ் பஸ்டர். ஃபோக்ஸ் சகோதரர் பாடிய ஓ கரோலினா என்னும் அப்பாடலே ராஸ்தஃபாரி முழவு ஜமைக்காவின் ஜனரஞ்சக இசையில் ஒலித்த முதல் பதிவுகளுள் ஒன்று. இந்தப் பிரின்ஸ் பஸ்டர் 1964இல் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தில் இணைந்து முஹம்மது யூசுஃப் அலி என்று பெயர் பூண்டார் என்பது பலர் அறியாத செய்தி.

1973இல் கவுண்ட் ஆஸி தம் குழுவினருடன் கிரவுனேஷன் என்னும் மூன்று இசைத்தட்டுத் தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டு பாப் மார்லியின் குழு பர்னின் என்னும் தொகுப்பை நயாபிங்கிப் பாடல் ஒன்றுடன் நிறைவு செய்தது. 1976இல் ஆஸி மறைந்தார். 1993இல் ஷாகி என்னும் பாடகர் ஓ கரோலினாவைப் புதுக்கிப் பாட, அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ரெகே இசையை யுனெஸ்கோ 2018இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமையாகப் பதிவுசெய்தது. சேரியில் பழிக்கப்பட்ட முழவு உலகின் செவிகளை எட்டிவிட்டது.

இவ்வெற்றியில் ஓர் இழப்பும் உண்டு. மூன்று நிமிடப் பாடலில் நயாபிங்கியின் தாளம் இருக்கும், இரவு இராது. இளைப்பாறும் இசை என்று விற்கப்படும் ஒலித்தொகுப்பில் இதயத்துடிப்பு இருக்கும். நியாயம் பேசும் சகோதரர் இரார். காலமும் இடமும் உடனிருப்போரும் நீங்கியபின் எஞ்சுவது ஓசை மட்டுமே. அந்நிலையில் கேட்போர்க்கு அது வசியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கரும்புத் தோட்ட முதலாளிக்கும் அம்முழவு இவ்வாறே கேட்டிருக்கும்: பொருளற்ற, சீரான, வேலைக்கு உதவும் ஓசை. அவ்வோசையினுள் தம் நினைவைப் பிறரறியாது பொதிந்து வைத்தவர்களுக்கோ அது முற்றிலும் வேறாகக் கேட்டது. நயாபிங்கியை இனிக் கேட்க நேரும் வாசகர், அவர்தம் கொள்கையை ஏற்காவிடினும், அந்த இரண்டாம் செவியோடு கேட்பாராயின் ஒரு மக்களுக்குச் செய்யப்பட்ட அநீதியில் சிறு பகுதியேனும் ஈடுசெய்யப்பட்டதாகும்.